அந்தச் சிறு கோட்டை அழிக்காதீர்கள்

ஆங்கிலத்தில் முன்னொட்டுக்கும் அதைத் தொடரும் சொல்லுக்கும் நடுவே ஹைஃபன் போடுவது காலாவதியான வழக்கம், அதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்ற கருத்து இன்று பதிப்பகங்களிலும் கம்பெனி அலுவலகங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்டது. கணினி சிவப்பில் அடிக்கோடிட்டதும் கோட்டை எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். இந்தக் கருத்து தவறு. கேடு விளைவிக்கக்கூடிய தவறு.

அதன் தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சொல் பழகப் பழக ஹைஃபன் உதிர்வது இயல்பு. டுடே, டுமாரோ இரண்டையும் ஒரு காலத்தில் நடுவே கோடு போட்டுத்தான் அச்சிட்டார்கள். இன்று யாரும் போடுவதில்லை. ஈமெயிலில் இருந்த கோட்டை அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக்கையேடு 2011-இல் எடுத்தது. 2007-இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறக்குறைய 16,000 ஹைஃபன்களைக் களைந்தது. 2019-இல் அசோசியேட்டட் பிரஸ் இன்னொரு படி போனது: ப்ரீ, ரீ என்ற முன்னொட்டுகளுக்குப் பின் ‘ஈ’ எழுத்தில் தொடங்கும் சொல் வந்தாலும் சேர்த்தே எழுதலாம் என்றது. முன்னொட்டு தனித்து நிற்கிற சொல் இல்லை. அதனால் அதைத் தனியே காட்ட வேண்டிய தேவையும் இல்லை. குழப்பம் வந்தால் சூழல் தீர்த்துவைக்கும். ஒரே விதி என்றால் படிப்பவருக்கும் எளிது, தேடுபொறிக்கும் எளிது. அந்த வாதம் இவ்வளவுதான். அதைச் சொல்கிறவர்கள் விவரம் அறிந்தவர்கள் என்பதையும் ஏற்கிறேன்.

புனே நகரத்தின் கோந்த்வா இந்த வாதத்தை உரசிப் பார்க்கத் தோதான இடம். ரிசர்வ் வங்கி 1969-இல் உருவாக்கிய தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம் (என்.ஐ.பி.எம்.) கோந்த்வா குர்தில் இருக்கிறது. முன்னால் போகிற சாலைக்கே என்.ஐ.பி.எம். ரோடு என்றுதான் பெயர். அங்கே பயிற்சிக்கு வரும் வங்கி அதிகாரிகளின் அன்றாடச் சொற்கள் நான்-பெர்ஃபார்மிங், நான்-பேங்கிங், கோ-லெண்டிங், ப்ரீ-ஷிப்மென்ட், போஸ்ட்-ஷிப்மென்ட். அந்தச் சாலையின் அடுக்குமாடி வாசல்களில் ‘கோ-ஆப். ஹவுசிங் சொசைட்டி லிமிடெட்’ என்ற பலகைகள். பக்கத்திலேயே சாளுங்கே விஹார், ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு கட்டிய குடியிருப்பு. எக்ஸ்-சர்வீஸ்மென் குடும்பங்களின் ஊர். முன்னொட்டும் கோடுமாகவே வாழ்கிற பேட்டை இது. இங்கே கோட்டை அழித்தால் என்ன ஆகும் என்பதைக் கற்பனையாகப் பேச வேண்டியதில்லை.

ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டின் 16,000 எதற்குச் சான்று?

இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். போனவை எவை என்று பார்ப்பவர் குறைவு. அப்போது எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட சொற்கள் ஐஸ் கிரீம், ஃபிக் லீஃப், பாட் பெல்லி, பம்பிள்பீ, க்ரைபேபி, பிஜன்ஹோல். இவை எல்லாம் முழுச்சொல்லோடு முழுச்சொல் சேர்ந்த தொகைகள். அவற்றில் சில பிரிந்து இரண்டு சொல்லாயின, சில ஒட்டி ஒரு சொல்லாயின. இந்த எடுத்துக்காட்டுகளில் முன்னொட்டு இல்லை. இரண்டு முழுச்சொற்களுக்கு நடுவே இருந்த கோட்டை எடுத்ததை, முன்னொட்டின் கோட்டையும் எடுக்கச் சான்றாகக் காட்டுவது ஒரு வழக்கின் தீர்ப்பை வேறொரு வழக்கில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். அகராதியின் மேல் பழி போடுபவர்கள் அகராதியைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு. அமெரிக்கா விட்டுவிட்டது என்பதும் உண்மை இல்லை.

சேர்த்தெழுதுவதில் மிகத் தீவிரமானவை அமெரிக்க நடைக்கையேடுகள்தான். அவையும் பல இடங்களில் கோட்டைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. தலைப்பெழுத்து வந்தால் கோடு கட்டாயம்: நான்-பிராமின், ப்ரீ-இண்டிபெண்டன்ஸ். எண் வந்தால் கட்டாயம்: ப்ரீ-1947, போஸ்ட்-1991. இரண்டு ‘ஐ’ எழுத்து மோதினால் கட்டாயம்: ஆண்ட்டி-இன்ஃப்ளமேட்டரி. தொழிலையோ நிலையையோ குறிக்கும் கோ-ஆதர், கோ-பைலட், கோ-வொர்க்கர் போன்றவற்றில் அசோசியேட்டட் பிரஸ் இன்றைக்கும் கோடு போடச் சொல்கிறது. 2019-இல் ஹைஃபனைக் குறைக்கப் புறப்பட்ட அதே கையேடு, கூட்டு அடைமொழிகளில் எடுத்த சில கோடுகளை வாசகர்களின் எதிர்ப்புக்குப் பின் அந்த ஆண்டிலேயே திரும்பப் போட்டது. ஆக, நமக்குச் சொல்லப்படுகிற ‘எல்லாவற்றையும் சேர்’ என்ற விதி எந்த ஊர்ப் பெரிய கையேட்டிலும் கிடையாது. இங்கே யாரோ பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகித்திருக்கிறார்கள்.

மூன்று. தனித்து நிற்காதது என்பதால் ஒட்டிவிட வேண்டுமா?

தமிழ் படித்தவர்கள் இந்த வாதத்தை ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு வியப்பு. ஒட்டுவது வேறு, மோதவிடுவது வேறு என்பதை நம் இலக்கணம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் நாம் வெறுமனே ஒட்டுவதில்லை. மணியும் அடித்தானும் சேரும்போது ‘ய்’ வருகிறது, பூவும் அழகும் சேரும்போது ‘வ்’ வருகிறது. உடம்படுமெய் என்று நன்னூல் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் வாய்க்கும் கண்ணுக்கும் ஒரு பாலம் தேவை. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்ய மெய்யெழுத்து இல்லை. அவர்களுக்கு இருப்பவை இரண்டே வழி. ஒன்று, இரண்டாவது உயிரின் தலையில் இரட்டைப் புள்ளி வைப்பது. நியூ யார்க்கர் பத்திரிகை இன்றைக்கும் கோ-ஆபரேட், ரீ-எலெக்ட் போன்ற சொற்களில் அப்படித்தான் வைக்கிறது. மற்றது ஹைஃபன். நம் தட்டச்சுப் பலகையில் புள்ளி இல்லை, கோடு இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் பாலமே இல்லை.

கோ-ஆப்டெக்ஸைப் பாருங்கள். 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பு. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த பலகை. ஆங்கிலத்தில் அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் படியுங்கள். இரண்டு ‘ஓ’ அருகருகே வந்துவிடும். ஆங்கிலம் பள்ளியில் படித்த எவரும் ‘கூப்’ என்றுதான் தொடங்குவார். கூப் என்றால் கோழிக்கூடு. இந்த ஒரு சொல்லுக்காகவே அசோசியேட்டட் பிரஸ் கோ-ஆப் என்பதில் கோட்டை வைத்திருக்கிறது. தமிழில் எழுதும்போதும் அந்தக் கோட்டை நாம் விடவில்லை, விடவும் முடியாது. அளபெடையைத் தவிர, உயிரெழுத்து சொல்லின் நடுவே தனியாக வருவதற்குத் தமிழில் இடமில்லை. பலகை எழுதிய ஓவியருக்கு நடைக்கையேடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங்’ என்று ஒரு சொல் வரும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய். அதற்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு போட்டது. இழப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு குடும்பத்துக்கு முடிவு செய்கிற சொல் அது. அதைச் சேர்த்தெழுதினால் இரண்டு ‘ஈ’ ஒட்டிக்கொண்டு, முன்னொட்டு எங்கே முடிகிறது என்பதே மறைந்துவிடும். அந்தத் தாளைப் படிப்பவர் நியூயார்க்கின் பதிப்பாசிரியர் இல்லை. தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு அம்மா. ஆங்கிலம் காதால் வந்தவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் ஒலி ஞாபகத்துக்கு வரும். நம்மில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் கண்ணால் வந்தது. கோடு அவர்களுக்கு அலங்காரமாக இருக்கலாம். நமக்கு அதுதான் வழிகாட்டி.

நான்கு. ‘சூழல் சொல்லிவிடும்.’ எந்தச் சூழல்?

இந்த வாதத்தில்தான் ஆபத்து அதிகம். கதையிலும் கட்டுரையிலும் சூழல் சொல்லும். கட்டுரை வாசகருக்குப் பொறுமை இருக்கிறது, முன்னும் பின்னும் படிக்கிறார். பத்திரத்திலும் நோட்டீசிலும் படிவத்திலும் சூழல் என்பது ஒற்றை வரி. சில நேரம் ஒற்றைச் சொல்.

காசோலையை எடுத்துக்கொள்வோம். பணமில்லாமல் திரும்பிய செக்கை மறுபடி வங்கியில் போடுவதற்குப் பெயர் ரீ-பிரசென்ட். கோட்டை எடுத்தால் அது ரெப்ரசென்ட், அதாவது ஒருவர் சார்பில் நிற்பது. ‘செக் எங்கள் வங்கியால் ரெப்ரசென்ட் செய்யப்பட்டது’ என்ற பொருள்பட எழுதிய நோட்டீஸ்கள் என் பார்வைக்கு வந்திருக்கின்றன. இது பொருட்படுத்தத் தேவையில்லாத நுணுக்கமா? செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நாள் கணக்குத்தான் உயிர். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கொடுக்க 15 நாள், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் புகார். செக்கை இரண்டாம் முறை போட்டுத் திரும்பினால், அந்த இரண்டாம் தடவையை வைத்து வழக்குப் போடலாமா என்பதிலேயே உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு கருத்து இருந்தது. ஒரு தடவைக்குத்தான் வழக்குரிமை என்றது 1998-இன் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-இல் அது மாற்றப்பட்டது. இரண்டாம் தடவை திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்றானது. செக் எத்தனை முறை போடப்பட்டது, எந்த நாளில் மறுபடி போடப்பட்டது என்பதே ஒருவரின் வழக்கைத் தாங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் ‘மறுபடி போட்டோம்’ என்ற சொல்லை, ‘சார்பில் நின்றோம்’ என்ற சொல்லின் உருவத்தில் எழுதிவிட்டுச் சூழல் பார்த்துக்கொள்ளும் என்பது பொறுப்பான பேச்சு இல்லை.

சொத்துப் பத்திரத்துக்கு வாருங்கள். ரிலீஸ் என்றால் விடுதலைப் பத்திரம்: கூட்டாக உரிமை உள்ளவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது. ரீ-லீஸ் என்றால் குத்தகையை மறுபடி விடுவது. முதலாவதில் உரிமையே கைவிட்டுப் போகிறது. இரண்டாவதில் உரிமை அப்படியே இருக்க, வாடகைதான் வருகிறது. எதிரும் புதிருமான இந்த இரண்டு பொருளையும் ஆங்கில எழுத்தில் பிரித்து நிறுத்துவது அந்த ஒரு கோடுதான். மனை விலை ஏறி, தாத்தா பெயரிலிருந்த நிலம் அடுக்குமாடியாக மாறுகிற கோந்த்வா போன்ற இடத்தில் இந்த வேறுபாடு எத்தனை வீட்டுச் சண்டைக்குள் நுழையக்கூடியது என்று யோசித்துப் பாருங்கள்.

நீதிமன்றச் சொல் இன்னொன்று. 1869-இன் விவாகரத்துச் சட்டத்தில் கோ-ரெஸ்பாண்டென்ட் என்பவர் தகாத உறவில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு வழக்கில் சேர்க்கப்படுபவர். கோட்டை எடுத்து எழுதினால் அந்தச் சொல் செய்தியாளரைக் குறிக்கும் கரஸ்பாண்டென்டிலிருந்து ஒரே ஒரு ‘ஆர்’ எழுத்துத் தொலைவில் நிற்கும். தட்டச்சில் ஓர் எழுத்து கூடிவிட்டால் அது வேறொரு முழுமையான, பிழையற்ற சொல். எழுத்துப்பிழை திருத்தி வாயே திறக்காது. கோடு இருந்தால் அந்தத் தவறு நடக்கவே வாய்ப்பில்லை. ரீ-சைன், ரீ-ஃபார்ம், ரீ-கவர் என்று இந்த வரிசை நீளும். முதலாவது, ஒப்பந்தத்தில் திரும்பக் கையெழுத்திடுவது. கோடில்லாமல் அது ராஜினாமா.

எழுதுகிறவர் ஒரு விசையை மிச்சப்படுத்துகிறார். அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் படிக்கிறவர்.

ஐந்து. சீர்மை என்ற பெயரில் எதைச் சீராக்குகிறோம்?

ஒரே விதி எளிது என்கிறார்கள். நம் நாட்டில் அந்த எளிமையை அடைய, சட்டத்தையே திருத்தி எழுத வேண்டும். 1904-இன் கடன் சங்கச் சட்டத்திலிருந்து, 1912-இன் சட்டம், 1960-இன் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் தமிழ்நாட்டுச் சட்டம், 2002-இன் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் வரை எல்லாவற்றின் பெயரிலும் கோ-ஆபரேட்டிவ் கோட்டோடுதான் இருக்கிறது. 97-ஆவது திருத்தம் அரசமைப்பின் 19-ஆம் பிரிவில் சங்கம் அமைக்கும் உரிமையோடு கூட்டுறவுச் சங்கங்களையும் சேர்த்தபோது கோட்டோடுதான் சேர்த்தது. 2021 ஜூலையில் தில்லியில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் கோடு இல்லை. ஆனால் அது நடத்துகிற 2002-இன் சட்டத்தில் கோடு இருக்கிறது. 2023-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் கோடு போகவில்லை. ஆக, கோட்டை அழித்ததால் சீர்மை வரவில்லை. இருந்த சீர்மைதான் உடைந்தது. அமைச்சகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் சட்டத்தைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி நூறாண்டுக்கு மேல் நம் மக்கள் புழங்கிய எழுத்து இது. சங்க நிர்வாகக் குழுவில் தேர்தல் இல்லாமல் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதைக் கோ-ஆப்ட் என்பார்கள். கோட்டை எடுத்து அதை எழுதிப் பாருங்கள். ஆண்டுக் கூட்ட அறிக்கையில் அந்தச் சொல்லை ஒருவர் தடுக்காமல் படிக்க முடிந்தால் நான் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

சீர்மை வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கட்டும். நான்-ரெசிடென்ட் இந்தியனை நாம் என்.ஆர்.ஐ. என்கிறோம். வாராக்கடன் என்.பி.ஏ., வங்கியல்லா நிதி நிறுவனம் என்.பி.எஃப்.சி. ஒவ்வொன்றிலும் ‘நான்’ தனக்கென ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. காது அதைத் தனிச்சொல்லாகவே கேட்கிறது. 1920-இல் காந்தி தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தின் ஆங்கிலப் பெயரை அன்று இரண்டு ஹைஃபனோடு எழுதினார்கள்: நான்-கோ-ஆபரேஷன். ஒத்துழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை மறுக்கிறோம் என்பது எழுத்திலேயே தெரிந்தது. ஆங்கில அரசாங்கம் படிக்க வேண்டிய சொல் அது. தெளிவாகப் படிக்கட்டும் என்று எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் கோடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ப்ரீபெய்டு, சப்காண்டினென்ட், இண்டர்நேஷனல் எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். உயிரெழுத்து மோதாமல், வேறு சொல்லோடு குழம்பாமல், பழகித் தேய்ந்துபோன சொல்லுக்குக் கோடு தேவையில்லை. நம் நாட்டுச் சொல்லான ப்ரீபோன் பிறந்ததிலிருந்தே கோடில்லாமல் நன்றாகத்தான் நடக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்து முடிவு செய்ய வேண்டியதை ஒரே வெட்டில் தீர்க்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

ஆறு. எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று.

யூத வெறுப்பைக் குறிக்கும் ஆண்ட்டி-செமிட்டிசம் என்ற சொல்லில் கோட்டை நீக்க வேண்டும் என்று சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2015-இல் கேட்டுக்கொண்டது. கோடு போட்டால் ‘செமிட்டிசம்’ என்று ஒன்று உண்மையில் இருப்பதுபோலவும், அதை எதிர்ப்பது ஒரு கொள்கைபோலவும் தோன்றுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2021-இல் அசோசியேட்டட் பிரஸ்ஸும் அதை ஏற்றது. நியாயமான காரணம், நானும் ஏற்கிறேன். அஹிம்சையைப் பற்றி எழுதும் மேலைநாட்டு ஆய்வாளர்கள் சிலரும் இதே வழியில் நான்வயலன்ஸ் என்று சேர்த்தெழுதுகிறார்கள். அது வெறும் வன்முறை மறுப்பு இல்லை, தனக்கென ஒரு நெறி என்கிறார்கள். ஆனால் காந்தி பிறந்த அக்டோபர் 2-ஐ ஐ.நா. 2007-இல் அஹிம்சை நாளாக அறிவித்தபோது கோட்டோடுதான் எழுதியது. காலனியாட்சிக்குப் பிந்தைய காலத்தைக் குறிக்கப் போஸ்ட்-கலோனியல், அதையொட்டி எழுந்த கோட்பாட்டைக் குறிக்கப் போஸ்ட்கலோனியல் என்று பிரித்து எழுதுகிற பேராசிரியர்கள் உண்டு.

இவற்றைக் காட்டி ‘பார், அறிவுலகமே கோட்டை விடுகிறது’ என்பவர்கள் தங்கள் சான்றைத் தாங்களே படிக்கவில்லை. கோட்டை எடுத்தால் பொருள் மாறுகிறது என்பதற்காகவே இவர்கள் எடுத்தார்கள். ஒரு கோட்டுக்குப் பொருள் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமல், அதை அழிக்கச் சொல்லி ஒரு சர்வதேச அமைப்பு அறிக்கை விடுமா? பொருளற்ற பழைய வழக்கம் என்ற முதல் வாதமும், பொருளுக்காக நீக்கினார்கள் என்ற இந்தச் சான்றும் ஒரே வாயிலிருந்து வர முடியாது. இரண்டில் ஒன்றை அவர்கள் கைவிட்டாக வேண்டும்.

ஏழு. கணினி.

தேடினால் கிடைப்பதில்லை, படிவம் ஏற்பதில்லை என்பது கடைசி வாதம். தேடலில் கோடு உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகப் பார்க்கும்படி அமைப்பது நிரல் எழுதுகிறவரின் வேலை. பெரிய தேடுபொறிகள் அதைச் செய்தும் வருகின்றன. பெயர்ப் பெட்டியில் ஹைஃபனை ஏற்காத படிவம் குறையுள்ள படிவம். அந்தக் குறைக்கு ஏற்ப சட்டப் பெயரை வெட்டிக்கொள்ளச் சொல்வது முறையல்ல. ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழில் கோட்டோடு ஒரு பெயரும், வங்கிக் கணக்கில் கோடில்லாமல் ஒரு பெயரும், பான் அட்டையில் இடைவெளியோடு ஒரு பெயரும் இருந்தால், செயலாளர் மூன்றையும் தூக்கிக்கொண்டு அலைய நேரிடும். அப்போது அவருக்குச் சொல்லப்படும் யோசனை பெரும்பாலும் கோட்டை எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள் என்பதாகவே இருக்கும். எடுக்கக் கூடாது. பதிவாளர் கொடுத்த சான்றிதழில் எழுதியிருப்பதுதான் சங்கத்தின் பெயர். வங்கியிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கணக்கின் பெயரையும், திருத்தப் படிவம் கொடுத்துப் பான் பெயரையும் சான்றிதழின்படி மாற்றச் சொல்ல வேண்டும்.